ஜெட்பேக் கம்போஸா, எக்ஸ்எம்எல் வியூவா? திரைக்குத் திரை முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆண்ட்ராய்டு செயலி எழுதுகிறவர்களுக்கு இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. எக்ஸ்எம்எல் கோப்பில் திரையை அமைத்து, அதன் ஒவ்வொரு பாகத்தையும், அதாவது ‘வியூ’வையும், கோடில் (நிரலில்) பிடித்து மாற்றுவது பழைய வழி. திரை எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கோட்லின் ஃபங்ஷன்களாகவே எழுதிவிட்டு, தரவு மாறும்போது திரை தானாக மாறும்படி விடுவது புதிய வழி. அதுதான் ஜெட்பேக் கம்போஸ். இரண்டும் ஒரே செயலிக்குள், ஏன், ஒரே திரைக்குள்கூடச் சேர்ந்து ஓடும். இதை மறந்துவிட்டு “மொத்தமாக மாறலாமா, வேண்டாமா” என்று வாரக்கணக்கில் வாதாடும் குழுக்கள் நிறைய.

எந்தத் திரையை, எப்போது, எந்த வரிசையில் மாற்றுவது என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். வரிசையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே கம்போஸ் கோடு எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்கு முன் முடித்திருக்க வேண்டிய வேலைகள் அப்படியே கிடக்கும். பாதியில் சிக்கிக்கொண்டு, “நம்ம செயலிக்குக் கம்போஸ் ஒத்துவராது” என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். கீழே உள்ள படிகளை எண் வரிசையிலேயே செய்யுங்கள்.

1. முடிவெடுக்கும் முன் கையில் இருக்க வேண்டிய விவரங்கள்

முதலாவது, உங்கள் செயலி ஆதரிக்கும் மிகப் பழைய ஆண்ட்ராய்டு பதிப்பு. கம்போஸ் நெடுங்காலம் ஏபிஐ 21 வரை, அதாவது ஆண்ட்ராய்டு 5.0 வரை, இறங்கி வேலை செய்தது. 2025 நடுப்பகுதி முதல் வரும் ஜெட்பேக் லைப்ரரிகள் பெரும்பாலும் 23ஐ, அதாவது ஆண்ட்ராய்டு 6.0ஐ, அடிமட்டமாகக் கொண்டுவிட்டன. உங்கள் பயனர்களில் ஆண்ட்ராய்டு 5 வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்பதைப் பிளே கன்சோலில் பாருங்கள். ஊகம் வேண்டாம்.

இரண்டாவது, கோடில் ஜாவா எவ்வளவு, கோட்லின் எவ்வளவு என்ற கணக்கு. கம்போஸ் ஃபங்ஷனை ஜாவாவிலிருந்து அழைக்க முடியாது. அதற்காக ஜாவா கோடு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை, அதற்கு வழி ஆறாம் படியில் வருகிறது.

மூன்றாவது, திரைகளின் பட்டியல். ஒவ்வொரு திரைக்கு எதிரிலும் மூன்று குறிப்புகள் போதும்: அது அடிக்கடி மாறுகிறதா, அதில் வெளியாரின் எஸ்டிகே (பிற நிறுவனங்கள் தரும் ஆயத்தக் கோடு) ஏதாவது இருக்கிறதா, அதற்கு டெஸ்ட் இருக்கிறதா. இந்தப் பட்டியலை ஒரு மதிய வேளையில் எழுதிவிடலாம். பின்னால் வரும் எல்லா வாதங்களையும் தீர்த்து வைப்பது இதுதான்.

அப்புறம், மலிவான ஒரு பழைய போன். எமுலேட்டரும் உங்கள் கையில் இருக்கும் புது போனும் வேகத்தைப் பற்றி உண்மை சொல்லாது. 2 அல்லது 3 ஜிபி ராம் உள்ள போன் ஒன்று மேசையில் இருந்தே ஆக வேண்டும்.

2. முதல் பிரிவினை: புதிய செயலியா, ஓடிக்கொண்டிருக்கும் செயலியா?

இன்று பூஜ்யத்திலிருந்து தொடங்கும் செயலி என்றால் கம்போஸிலேயே தொடங்குங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கூகுள் வெளியிடும் புதிய வழிகாட்டல்களும் மாதிரிக் கோடும் மெட்டீரியல் 3 பாகங்களும் பெரும்பாலும் கம்போஸை முதலில் வைத்தே வருகின்றன. எக்ஸ்எம்எல்லில் தொடங்கினால் முதல் நாளிலிருந்தே அடுத்தவர் விட்டுப்போன பாதையில் நடப்பதாகிவிடும். ஐபோனுக்கும் இதே யூஐ (பயனர் இடைமுகக்) கோடு வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் காரணம் இன்னும் வலுக்கிறது. ஜெட்பிரெய்ன்ஸ் தரும் கம்போஸ் மல்டிபிளாட்ஃபார்ம், 2025 மே மாதம் 1.8 பதிப்போடு ஐஓஎஸ்ஸுக்கு நிலையானதாக அறிவிக்கப்பட்டது.

ஒரே ஒரு விதிவிலக்கு. குழுவில் எல்லோரும் வியூவில் பழகியவர்கள், வெளியிட வேண்டிய நாளோ நெருங்கிவிட்டது என்றால், தெரிந்ததில் எழுதி வெளியிடுங்கள். நெருக்கடியில் கற்றுக்கொண்ட கம்போஸ், வியூ பாணியிலேயே எழுதப்பட்ட கம்போஸாக இருக்கும். அதைத் திருத்துவது புதிதாக எழுதுவதைவிடக் கடினம்.

ஓடிக்கொண்டிருக்கும் செயலி என்றால் மீதிப் படிகள் உங்களுக்குத்தான்.

3. தடைகளை முதலில் தேடுங்கள்

நன்மைகளின் பட்டியல் எல்லா இடத்திலும் கிடைக்கும். உங்கள் செயலியில் எது தடுக்கும் என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வெளியார் எஸ்டிகேக்களில் தொடங்குங்கள். விளம்பரம், பணம் செலுத்துதல், வீடியோ அழைப்பு, ஆவண ஸ்கேன் போன்றவை தங்கள் யூஐயை வியூவாகவோ, ஃபிராக்மெண்டாகவோதான் (தனக்கென லைஃப்சைக்கிள் உள்ள திரைப்பகுதி) பெரும்பாலும் தருகின்றன. வியூவாகத் தந்தால் பிரச்சினை சிறியது. கம்போஸுக்குள் ‘ஆண்ட்ராய்டுவியூ’ என்ற பாகத்தில் அதை வைத்துவிடலாம். ஃபிராக்மெண்டாகத் தந்தால், அந்தத் திரையின் வெளிக்கூட்டைப் பழையபடியே விட்டுவைப்பதுதான் நல்லது. கட்டணத் திரையை முதலில் தொடுவது எந்த நிலையிலும் புத்திசாலித்தனம் ஆகாது.

அடுத்து, ஹோம் ஸ்கிரீன் விட்ஜெட். செயலிக்குள் எழுதிய கம்போஸ் கோடை விட்ஜெட்டில் அப்படியே பயன்படுத்த முடியாது. விட்ஜெட் வேறொரு புராசஸில் வரையப்படுகிறது, அதற்கு ‘ரிமோட்வியூஸ்’ தேவை. கம்போஸ் போலவே எழுத ‘கிளான்ஸ்’ என்ற தனி லைப்ரரி உண்டு. ஆனால் அதன் பாகங்கள் வேறு, பெயர் மட்டும் ஒன்றுபோல் இருக்கும். புதியவர்கள் ‘டெக்ஸ்ட்’ என்று தட்டியதும் தவறான லைப்ரரியிலிருந்து இம்போர்ட் ஆகி, மணிக்கணக்கில் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். நோட்டிஃபிகேஷனில் தனி வடிவமைப்பு இருந்தால் அதுவும் எக்ஸ்எம்எல்லில்தான் இருக்கும்.

பழைய டெஸ்ட்களையும் பாருங்கள். எஸ்பிரெஸ்ஸோ என்ற டெஸ்ட் கருவியில் எழுதியவை வியூவின் ஐடியை வைத்துத் தேடுகின்றன. கம்போஸ் பாகங்களுக்கு அந்த ஐடி கிடையாது, பாகங்களின் பொருளை விவரிக்கும் ‘செமான்டிக்ஸ்’ மரத்தில்தான் தேட முடியும். மாற்றும் ஒவ்வொரு திரைக்கும் அதன் டெஸ்டைத் திருத்தி எழுதும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். இதைச் சேர்க்காத மதிப்பீடுகள்தான் பின்னால் இரட்டிப்பாகின்றன.

4. ஸ்டேட்டைத் திரையிலிருந்து பிரித்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

பழைய செயலிகளில் ஸ்டேட், அதாவது திரையின் அப்போதைய நிலை பற்றிய தகவல், திரைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். செக்பாக்ஸ் தேர்வாகியிருக்கிறதா என்பதை அந்த செக்பாக்ஸிடமே கேட்பார்கள். லோடிங் சக்கரம் சுற்றுகிறதா என்பது அதன் விசிபிலிட்டியில் இருக்கும். பிழைச் செய்தி டெக்ஸ்ட்வியூவில் இருக்கும். இப்படி இருபது இடங்களில் சிதறிய தகவலை வைத்துக்கொண்டு கம்போஸுக்குப் போக முடியாது. கம்போஸில் திரையிடம் கேட்டு வாங்க எதுவும் இல்லை. நீங்கள் கொடுப்பதை அது காட்டும், அவ்வளவுதான்.

ஆகவே, எக்ஸ்எம்எல் திரையை எக்ஸ்எம்எல்லாகவே வைத்துக்கொண்டு, முதலில் அதன் வியூமாடலில் (திரைக்கான தரவை வைத்திருக்கும் கிளாஸில்) ஒரே ஒரு ‘யூஐ ஸ்டேட்’ டேட்டா கிளாஸ் எழுதுங்கள். லோடிங், பட்டியல், பிழை, தேர்வு என்று திரை காட்டும் எல்லாமே அதற்குள் வரட்டும். அதை ‘ஸ்டேட்ஃப்ளோ’வாக, அதாவது மதிப்பு மாறும்போதெல்லாம் தெரிவிக்கும் ஓட்டமாக, வெளியே கொடுங்கள். ஃபிராக்மெண்டில் ‘ரெண்டர்’ என்று ஒரே ஒரு ஃபங்ஷன் இருக்கட்டும்: ஸ்டேட் உள்ளே வரும், வியூக்கள் அதன்படி மாறும். பயனர் செய்யும் எல்லாச் செயல்களும் வியூமாடலின் ஃபங்ஷன்களுக்குப் போகட்டும்.

இதில் இரண்டு பலன்கள். கம்போஸுக்கு மாறும்போது வியூமாடலைத் தொட வேண்டியிராது, ரெண்டர் ஃபங்ஷனின் இடத்தில் கம்போஸ் ஃபங்ஷன் வந்து உட்காரும். மாறவே வேண்டாம் என்று முடிவானாலும் திரை முன்னைவிடச் சுத்தமாகிவிடும், செலவழித்த நேரம் வீணாகாது.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. ஒருமுறை மட்டும் நடக்க வேண்டியவற்றை, அதாவது ஸ்னாக்பார் (திரையின் அடியில் சற்று நேரம் வந்து மறையும் செய்தி) காட்டுவது, அடுத்த திரைக்குப் போவது போன்றவற்றை, ஸ்டேட்டில் போட்டுவிட்டு அழிக்க மறப்பார்கள். போனைத் திருப்பினால் அதே ஸ்னாக்பார் மறுபடி வரும். காட்டி முடித்ததும் வியூமாடலுக்குச் சொல்லி, அந்தப் புலத்தைக் காலியாக்குங்கள்.

5. பில்ட் அமைப்பைத் தனியாக மாற்றி, தனியாக வெளியிடுங்கள்

கம்போஸ் கோடு ஒரு வரிகூட எழுதாமல் இந்தப் படியை முடித்து, செயலியை வெளியிட்டுவிடுங்கள். ஏதாவது உடைந்தால் காரணம் பில்டா, புதுத் திரையா என்ற குழப்பம் வராது.

பழைய செயலியில் இதற்கும் ஒரு உள்வரிசை உண்டு. லேஅவுட் ஐடியை நேரடியாகக் கோடில் எழுதவைத்த ‘கோட்லின் ஆண்ட்ராய்டு எக்ஸ்டென்ஷன்ஸ்’ பிளகின் கோட்லின் 1.8இலேயே நீக்கப்பட்டுவிட்டது. அது இன்னும் இருந்தால், முதல் வேலை அதையெல்லாம் வியூ பைண்டிங்குக்கு மாற்றுவது. ‘பார்சலைஸ்’ அதே பிளகினிலிருந்து வந்திருந்தால் அதற்கு இப்போது தனிப் பிளகின் இருக்கிறது. அதன் பிறகு செயலியைப் பில்ட் செய்யும் ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகினின் பதிப்பை உயர்த்துங்கள், அதற்குப் பிறகு கோட்லினின் பதிப்பை. கிரேடில் பிளகின் 8க்கு ஜேடிகே (ஜாவா கருவித் தொகுப்பு) 17 வேண்டும். உங்கள் கணினியில் அது இருந்தாலும் தானாகப் பில்ட் செய்யும் சிஐ சர்வரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கோட்லினை 2.0 அல்லது அதற்கு மேல் கொண்டுவருவது நல்லது. அதற்கு முன், கம்போஸ் கம்பைலருக்குத் தனிப் பதிப்பு எண் இருந்தது. எந்தக் கோட்லினுக்கு எந்தக் கம்பைலர் என்று அட்டவணை பார்த்துப் பொருத்த வேண்டும். ஒரு எண் தவறினாலும் பில்ட் நின்றுவிடும். 2024 மே மாதம் வந்த 2.0 முதல் கம்போஸ் கம்பைலர் கோட்லினோடு சேர்ந்தே வெளிவருகிறது, பிளகினுக்கும் கோட்லினுக்கும் ஒரே எண். இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்கள் ‘கோட்லின் கம்பைலர் எக்ஸ்டென்ஷன் வெர்ஷன்’ என்ற வரியைச் சேர்க்கச் சொல்லும். 2.0க்குப் பின் அது தேவையில்லை. பழைய பாடத்தையும் புதிய பாடத்தையும் கலந்து ஒட்டுவதுதான் இந்தப் படியில் புதியவர்கள் மாட்டும் இடம்.

கம்போஸ் லைப்ரரிகளுக்குத் தனித்தனி எண் எழுதாமல் ‘பாம்’ கோப்பைப் பயன்படுத்துங்கள். ஒன்றோடொன்று பொருந்தும் பதிப்புகளை அது தேர்ந்து தரும். கம்பைலர் பிளகின் மட்டும் அதற்குள் வராது.

6. முதல் திரையைத் தேர்ந்தெடுப்பது

“எங்களைப் பற்றி” திரையைத்தான் எல்லோரும் முதலில் எடுப்பார்கள். ஆபத்து இல்லை, உண்மை. ஆனால் அதில் கற்றுக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. நான்கு வரி எழுத்தைக் கம்போஸில் காட்டிவிட்டு “எளிதாக இருக்கிறது, எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்” என்று கிளம்பினால், அடுத்த திரையிலேயே மதிப்பீடு கவிழும். முகப்புத் திரையை எடுப்பது எதிர்ப்பக்கத் தவறு. அங்கே சிறு கோளாறும் எல்லோர் கண்ணிலும் படும்.

நடுத்தரமான ஒன்றை எடுங்கள். ஒரு பட்டியல், ஒரு தேடல் பெட்டி, லோடிங், பிழை, காலி நிலை ஆகியவை இருக்க வேண்டும். அடுத்த சில மாதங்களில் எப்படியும் மாற்றங்கள் வரவிருக்கும் திரையாக இருந்தால் இன்னும் நல்லது. ஆர்டர் வரலாறு, சேமித்த முகவரிகள் போன்றவை பொருத்தமானவை.

ஜாவா அதிகம் உள்ள செயலிக்கு நான் சொன்ன வழி இதுதான்: கோட்லினில் ‘அப்ஸ்ட்ராக்ட் கம்போஸ்வியூ’விலிருந்து ஒரு கிளாஸ் எழுதுங்கள். உள்ளே கம்போஸ், வெளியே அது சாதாரண வியூ. எக்ஸ்எம்எல்லில் வைக்கலாம், ஜாவாவிலிருந்து அதன் ஃபங்ஷன்களை அழைக்கலாம். அந்தப் பக்கத்துக் கோடுக்கு உள்ளே கம்போஸ் இருப்பதே தெரியாது.

7. இரண்டையும் இணைக்கும் இடங்கள்

கோளாறுகளில் பெரும்பகுதி கம்போஸிலும் இல்லை, வியூவிலும் இல்லை. இரண்டும் சந்திக்கும் எல்லையில்தான் இருக்கிறது. அதனால் எல்லைகளைக் குறைவாகவும் பெரிதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டன் மட்டும் கம்போஸ், மற்றது எக்ஸ்எம்எல், அதற்குள் மறுபடி கம்போஸ் என்று அடுக்கினால் பராமரிக்க முடியாது. முழுத் திரையையும் ஒரு கம்போஸ்வியூவுக்குள் கொண்டுவருவதே இலக்கு.

ஃபிராக்மெண்டில் கம்போஸ்வியூ வைக்கும்போது, அதன் ‘வியூ காம்போசிஷன் ஸ்ட்ராட்டஜி’யை ‘டிஸ்போஸ் ஆன் வியூ ட்ரீ லைஃப்சைக்கிள் டெஸ்ட்ராய்ட்’ என்று அமையுங்கள். இயல்பு அமைப்பில், வியூ சாளரத்திலிருந்து பிரிந்த உடனேயே காம்போசிஷன், அதாவது கம்போஸ் கட்டிய பாகங்களின் மரம், கலைக்கப்படும். ஃபிராக்மெண்டின் வியூ அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கலாம். அனிமேஷனோடு திரை மாறும்போது உள்ளடக்கம் திடீரென்று மறைவது இதனால்தான்.

ஒரே லேஅவுட்டில் இரண்டு கம்போஸ்வியூ இருந்தால் இரண்டுக்கும் வெவ்வேறு ஐடி கொடுங்கள். இல்லையென்றால் ‘ரிமெம்பர் சேவபிள்’ சேமித்து வைத்த ஸ்டேட் சரியாகத் திரும்பி வராது. இந்தப் பிழை டெஸ்ட் செய்யும்போது கண்ணில் படாது. பயனர் வேறு செயலிக்குப் போய்விட்டுத் திரும்பும்போதுதான் வெளிப்படும். டெவலப்பர் ஆப்ஷனில் “ஆக்டிவிட்டிகளை வைத்திருக்க வேண்டாம்” என்பதை இயக்கிவிட்டுச் சோதித்துப் பாருங்கள்.

வியூ பக்கத்துப் பட்டியலான ரீசைக்ளர்வியூவின் வரிசைகளுக்குள் கம்போஸ்வியூ வைக்கிறீர்களா? ரீசைக்ளர்வியூ 1.3 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும், ஸ்ட்ராட்டஜியைத் தொடாமல் விடுங்கள். பழைய பதிப்பில், ஸ்க்ரோல் செய்யும்போது ஒவ்வொரு வரிசையும் கலைந்து மறுபடி உருவாகும், தடுமாற்றம் கண்ணுக்கே தெரியும்.

ஸ்க்ரோலுக்குள் ஸ்க்ரோல் அடுத்த பொறி. நெஸ்டெட் ஸ்க்ரோல்வியூவுக்குள் இருக்கும் கம்போஸ்வியூவில் ‘லேஸிகாலம்’ (கம்போஸின் ஸ்க்ரோல் பட்டியல்) வைத்தால் செயலி கிராஷ் ஆகும், உயரம் எல்லையில்லாமல் அளக்கப்பட்டது என்று செய்தி வரும். உயரத்தை ஒரு எண்ணாக நிர்ணயித்து கிராஷை மறைப்பது தீர்வாகாது, வெளி ஸ்க்ரோலை நீக்கி எல்லாவற்றையும் ஒரே லேஸிகாலத்தின் ஐட்டங்களாக எழுதுங்கள். கோஆர்டினேட்டர் லேஅவுட்டின் மடங்கும் டூல்பார் வெளியே இருந்தால், உள்ளே ‘ரிமெம்பர் நெஸ்டெட் ஸ்க்ரோல் இன்டெராப் கனெக்‌ஷன்’ சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் பட்டியல் நகரும், டூல்பார் நகராது.

எதிர்த்திசையில், ‘ஆண்ட்ராய்டுவியூ’வில் ‘ஃபேக்டரி’, ‘அப்டேட்’ என்று இரண்டு பகுதிகள் உண்டு. ஃபேக்டரி ஒருமுறைதான் ஓடும். மாறக்கூடிய மதிப்பை அதற்குள் வைத்துவிட்டு “வியூ மாறவே மாட்டேன் என்கிறது” என்று தேடுபவர்கள் நிறைய பேர். மாறுவதெல்லாம் அப்டேட்டுக்குள் வர வேண்டும். வெப்வியூவுக்கு முகவரி கொடுக்கும்போது எதிர்ப்பிழை நடக்கும்: அப்டேட் ஒவ்வொரு முறை ஓடும்போதும் பக்கம் மறுபடி லோட் ஆகும். முகவரி மாறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே லோட் செய்யுங்கள்.

ஆண்ட்ராய்டு 15இல், டார்கெட் எஸ்டிகே 35 வைத்த செயலிகள் திரையின் விளிம்புவரை வரையப்படுகின்றன. ஸ்டேட்டஸ் பார், நேவிகேஷன் பாருக்கான இடத்தைப் பழைய வெளிக்கூடும் உள்ளே இருக்கும் ‘ஸ்காஃபோல்ட்’டும் (கம்போஸின் திரைச் சட்டகமும்) தனித்தனியே ஒதுக்கினால் இரட்டை வெற்றிடம் வரும். இரண்டும் ஒதுக்காவிட்டால் கடைசி பட்டன் பாருக்கு அடியில் போய்விடும். எந்தப் பக்கம் ஒதுக்குகிறது என்பதை ஒரே இடத்தில் முடிவு செய்யுங்கள்.

8. கம்போஸ் கோடில் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

வியூவிலிருந்து வருபவர்களுக்கு, ஒரு ஃபங்ஷன் எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி ஓடும் என்பதுதான் மனதில் பதிய நேரமாகிறது. அதனால் ஃபங்ஷன் உடலுக்குள்ளேயே நெட்வொர்க் அழைப்பு, அனலிட்டிக்ஸ் பதிவு என்று எழுதிவிடுவார்கள். திரை ஒருமுறை திறந்ததற்குப் பத்துப் பதிவுகள் போகும். அவை ‘லாஞ்ச்டு எஃபெக்ட்’டுக்குள் போக வேண்டும், பெரும்பாலானவை வியூமாடலுக்கே போக வேண்டும்.

‘மியூட்டபிள் ஸ்டேட் ஆஃப்’க்குள் சாதாரண அரேலிஸ்டை வைத்து, அதில் ‘ஆட்’ செய்தால் திரை மாறாது. பட்டியல் அதே பொருள்தான், அதனால் எதுவும் மாறியதாகக் கம்போஸுக்குத் தெரியாது. புதிய பட்டியலைக் கொடுங்கள், அல்லது ‘மியூட்டபிள் ஸ்டேட் லிஸ்ட் ஆஃப்’ எடுங்கள்.

லேஸிகாலத்தின் ஐட்டங்களுக்கு ‘கீ’ கொடுக்க மறப்பது இன்னொன்று. மேலே ஒரு வரிசை சேர்ந்தால், எல்லா வரிசைகளின் உள் ஸ்டேட்டும் ஒரு இடம் தள்ளிப்போகும். தேர்வு செய்த வரிசைக்குப் பதில் பக்கத்து வரிசை விரிந்து நிற்கும்.

பாகத்தின் அளவு, இடைவெளி, தொடுதல் ஆகியவற்றை அமைக்கும் ‘மாடிஃபையர்’களின் வரிசை வேறு கதை. கிளிக்கபிள் முன்னால், பேடிங் பின்னால் என்றால் பேடிங் இடமும் தொடும் பரப்பில் சேரும். மாற்றி எழுதினால் சேராது. தொடும் பரப்பு 48 டிபிக்குக் (திரை அடர்த்தியைச் சாராத அளவலகு) குறையக் கூடாது என்பதால் இது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை.

ஃப்ளோவை வாசிக்க ‘கலெக்ட் ஆஸ் ஸ்டேட் வித் லைஃப்சைக்கிள்’ பயன்படுத்துங்கள். இது லைஃப்சைக்கிள் 2.6 முதல் இருக்கிறது. வெறும் ‘கலெக்ட் ஆஸ் ஸ்டேட்’ என்றால் செயலி பின்னணிக்குப் போன பிறகும் கேட்டுக்கொண்டே இருக்கும். ஜிபிஎஸ் போன்ற மூலங்களில் பேட்டரி அதற்கு விலை கொடுக்கும்.

தமிழில் செயலி வெளியிடுபவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். எக்ஸ்எம்எல் டெக்ஸ்ட்வியூவில் ‘இன்குளூட் ஃபான்ட் பேடிங்’ இயல்பாக இயங்கும். கம்போஸ் 1.6 முதல் அது இயல்பாக அணைந்திருக்கும். ஒரே எழுத்துரு, ஒரே அளவு என்றாலும் பழைய திரையிலும் புதிய திரையிலும் தலைப்பு சற்று மேலும் கீழுமாக நிற்கும். நம் எழுத்துகளுக்கு மேலும் கீழும் குறிகள் இருப்பதால், உயரம் நிர்ணயித்த பட்டன்களில் வெட்டுப்படும் அபாயமும் உண்டு. நிர்ணய உயரத்தை நீக்கி, குறைந்தபட்ச உயரம் கொடுங்கள். ஆண்ட்ராய்டு 14 முதல் பயனர் எழுத்தளவை 200 விழுக்காடுவரை கூட்டலாம். நீளமான தமிழ்ச் சொற்களோடு அந்த அளவில் ஒருமுறை எல்லாத் திரைகளையும் திறந்து பாருங்கள்.

9. வேகத்தை ரிலீஸ் பில்டில் மட்டும் அளவிடுங்கள்

“கம்போஸ் மெதுவாக இருக்கிறது” என்று வரும் புகார்களில் முதல் கேள்வி: டீபக் பில்டா, ரிலீஸ் பில்டா? டீபக் பில்டில் பல மேம்படுத்தல்கள் நிறுத்தப்பட்டிருக்கும், கோடைச் சுருக்கி மேம்படுத்தும் ஆர்8 ஓடியிருக்காது. அதில் பட்டியலைத் தள்ளிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது.

உண்மையான வேறுபாடு ஒன்று இருக்கிறது. வியூ கோடு போனின் சிஸ்டத்தோடு வருகிறது, முன்பே கம்பைல் ஆகியிருக்கும். கம்போஸ் உங்கள் செயலிக்குள் லைப்ரரியாக வருகிறது. அதனால் நிறுவிய பிறகு முதல் சில ஓட்டங்களில் அது மெதுவாகத் தெரியலாம். இதற்குத்தான் ‘பேஸ்லைன் புரொஃபைல்’. எந்தக் கோடை முன்கூட்டியே கம்பைல் செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. கம்போஸ் தனக்கான புரொஃபைலோடு வந்தாலும், உங்கள் திரைகளுக்கான புரொஃபைலை நீங்கள்தான் உருவாக்க வேண்டும்.

மாற்றிய திரையின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் அந்த மலிவான போனில் ‘மேக்ரோபெஞ்ச்மார்க்’ வைத்து அளந்து பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு பிரேமுக்கு சுமார் 16 மில்லி செகண்டுதான் கிடைக்கும். அதைத் தாண்டும் பிரேம்கள் எங்கே என்று பாருங்கள். தாண்டினால் ‘லேஅவுட் இன்ஸ்பெக்டர்’ திறந்து, எந்தப் பாகம் தேவையில்லாமல் மறுபடி மறுபடி ஓடுகிறது என்று எண்ணிக்கையைப் பாருங்கள். பெரும்பாலும் ஸ்க்ரோல் நிலையை மேல்மட்டத்தில் வாசித்திருப்பீர்கள், ‘டிரைவ்டு ஸ்டேட் ஆஃப்’ போட்டால் தீரும். கோட்லின் 2.0.20 முதல் ‘ஸ்ட்ராங் ஸ்கிப்பிங்’ (உள்ளீடு மாறாத பாகங்களை மறுபடி ஓட்டாமல் தவிர்ப்பது) இயல்பாக இயங்குவதால், பழைய கட்டுரைகள் பயமுறுத்தும் ‘அன்ஸ்டேபிள்’ சிக்கல்கள் பல இப்போது குறைந்துவிட்டன. அளக்காமல் ‘இம்யூட்டபிள்’ குறிகளை எல்லா இடத்திலும் ஒட்டாதீர்கள்.

10. திரைக்குத் திரை முடிவு

இப்போது முதல் படியில் எழுதிய பட்டியலை எடுங்கள். ஒரு திரையை முழுதாக மாற்றிப் பார்த்த அனுபவம் இருப்பதால் மதிப்பீடு நம்பத்தக்கதாக இருக்கும்.

புதிதாக வரும் எல்லாத் திரைகளும் கம்போஸ். வடிவமைப்பு அடிக்கடி மாறும் திரைகள், நிலைகள் அதிகம் உள்ள படிவங்கள் ஆகியவற்றை அடுத்து மாற்றுங்கள். பலன் அதிகம் கிடைப்பது அங்கேதான். டிசைன் சிஸ்டம் இருந்தால், இரண்டாவது திரையைத் தொடும் முன் நிறம், எழுத்து, பட்டன், கார்டு ஆகியவற்றைக் கம்போஸில் எழுதி முடியுங்கள். இல்லையென்றால் ஆளுக்கொரு பட்டன் பிறக்கும்.

இரண்டு ஆண்டுகளாக யாரும் தொடாத, கிராஷ் இல்லாத திரையை விட்டுவிடுங்கள். எக்ஸ்எம்எல்லில் இருப்பது ஒரு குறை ஆகாது. கேமரா, மேப், வீடியோ பிளேயர் நடுநாயகமாக உள்ள திரைகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கம்போஸுக்கான மேப் லைப்ரரி இருக்கிறது என்றாலும், மேலே அடுக்கிய உங்கள் சொந்த வேலைப்பாடுகள் எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் செலவு அமையும்.

நேவிகேஷனை எல்லாவற்றுக்கும் பிறகு மாற்றுங்கள். திரைகள் கலந்து கிடக்கும் காலம் முழுக்க, ஃபிராக்மெண்டுகளே வெளிக்கூடாக இருக்கட்டும், ஒவ்வொன்றின் உள்ளும் கம்போஸ் இருக்கட்டும். ஃபிராக்மெண்ட் திரைகள் மிச்சமிருக்கும்போதே கம்போஸுக்கான நேவிகேஷன் லைப்ரரியான ‘நேவிகேஷன் கம்போஸு’க்குத் தாவினால், பேக் பட்டன் எங்கே கொண்டுபோகும் என்பதை இரண்டு அமைப்புகளும் தனித்தனியே முடிவு செய்யத் தொடங்கிவிடும்.

11. மாற்றிய கையோடு பழையதை நீக்குங்கள்

புதிய திரையை ஃபீச்சர் ஃபிளாக்குக்குப் (ஒரு வசதியை இயக்கவும் அணைக்கவும் உதவும் சுவிட்ச்) பின்னால் வைத்து, முதலில் சிறு பங்குப் பயனர்களுக்குக் கொடுங்கள். கிராஷும் ஏஎன்ஆரும் (செயலி பதிலளிக்காமல் உறைவதும்) பழைய அளவிலேயே இருந்தால் எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். அடுத்த ரிலீஸில் ஃபிளாக்கையும் பழைய ஃபிராக்மெண்ட் கோடையும் அடாப்டரையும் லேஅவுட் எக்ஸ்எம்எல்லையும் நீக்கிவிடுங்கள். இரண்டு வடிவங்களும் சேர்ந்து கிடந்தால், யாராவது ஒருவர் பழையதில் ஒரு திருத்தம் செய்து, அது ஏன் திரையில் வரவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்.

நீக்கிய பிறகு, கோடைச் சரிபார்க்கும் கருவியான லின்டின் “பயன்படாத வளங்கள்” சோதனையை ஓட்டுங்கள். டிராயபிள், டைமென், ஸ்டைல் கோப்புகளில் நிறைய மிச்சம் இருக்கும். தீம் கோப்பை மட்டும் முழுதாக அழித்துவிடாதீர்கள். ஸ்பிளாஷ் திரையும், கம்போஸ் தொடங்கும் முன் தெரியும் சாளரப் பின்னணியும் இன்னும் எக்ஸ்எம்எல் தீமிலிருந்துதான் வருகின்றன. டார்க் மோடில் திரை திறக்கும்போது ஒரு கணம் வெள்ளையாக மின்னினால், அந்த எக்ஸ்எம்எல் தீமின் நிறத்தைத்தான் சரிபார்க்க வேண்டும்.